சிறிய பாய்மரப் படகில் வார இறுதிப் பயணத்துக்கு ஓத அட்டவணை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல்) ஏன் அவ்வளவு முக்கியம்?

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள சோலண்ட் நீரிணையில், தீவின் வடகரையிலுள்ள கவ்ஸிலிருந்து அதற்கு மேற்கேயுள்ள யார்மத் வரை சென்று ஓர் இரவு தங்கித் திரும்பும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 10 கடல் மைல்தான். ஆனால், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் செல்லும் படகுக்கு 2 நாட் நீரோட்டம் துணையாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் கரை சேரலாம். அதே நீரோட்டம் எதிர்த்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். மேற்கிலிருந்து காற்று வீசினால் படகு வளைந்து வளைந்து முன்னேற வேண்டியிருப்பதால், இந்த வேறுபாடு இன்னும் பெருகும்.

தென்கரைத் துறைமுகமான போர்ட்ஸ்மத்தில் நீர் உச்சமடைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே, சோலண்டின் மேற்கு முனையில் நீரிணை ஒடுங்கும் ஹர்ஸ்ட் குறுக்கத்தில் ஓட்டம் மேற்கே திரும்பிவிடும். ஆகவே, கரையில் நீர் ஏறுவதை மட்டும் பார்த்துப் புறப்படுபவர் ஏமாந்துபோவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே ஓட்டம் 4 நாட்டைத் தாண்டும். மிதவை ஒரு பக்கம் சாய்ந்து, அதன் பின்னே நீர் சுழித்துக் கிடப்பதைக் காணலாம்.

யார்மத்தைத் தாண்டி, தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகள் வரை போக விரும்புவோர், தென்மேற்குக் காற்றும் மேற்கு நோக்கிய ஓட்டமும் மோதும் வேளையைத் தவிர்க்க வேண்டும். அப்போது அலைகள் செங்குத்தாக, நெருக்கமாக எழும். ஷிங்கிள்ஸ் என்ற ஆழமற்ற திட்டின் ஓரத்தில் அவை உடையவும் செய்யும். புதியவர்களோடு செல்பவர் அந்த ஆசையை அடுத்த முறைக்கு ஒத்திவைப்பதே நல்லது என்பேன். யார்மத் துறைமுகமே போதுமான இலக்கு.