வீணையும் சிந்தசைசரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் வீணை வாசிப்பவள். வீணைக் குடத்தின் மேற்பலகையில் ஒரு கான்டாக்ட் மைக்கை (பரப்பின் அதிர்வை நேரடியாக வாங்கும் மைக்) ஒட்டி, என் மகனுடைய அனலாக் சிந்தசைசரின் வெளி ஒலிக்கான துளையில் அதன் வயரை நேரே செருகினேன். ஒலியே வரவில்லை. கீபோர்டில் ஏதேனும் ஒரு கீயை அழுத்தினால் மட்டும், மந்திர ஸ்தாயி இல்லாமல் சன்னமாகக் கேட்கிறது. கருவியில் பழுதா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: பழுது எதுவும் இல்லை. நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

வழக்கமான அனலாக் சிந்தசைசரில் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், அளவைக் கட்டுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர் ஆகிய மூன்றும் வரிசையாக அமைந்திருக்கும். உங்கள் வீணை ஒலி ஆசிலேட்டரின் இடத்தில் வந்து அமர்கிறதே தவிர, அதற்குப் பிந்தைய வழியில் எதுவும் மாறுவதில்லை. கடைசியில் உள்ள ஆம்ப்ளிஃபயர், கீ அழுத்தப்பட்டால்தான் திறக்கும். வீணையை மீட்டியது அதற்குத் தெரியாது. 1970இல் வெளிவந்த மினிமூக் என்ற அனலாக் சிந்தசைசரிலும், வெளி ஒலிக்கெனத் தனிக் குமிழும் அளவு மீறினால் எரியும் விளக்கும் இருந்தபோதிலும், இதே நடைமுறைதான்.

கீயின் மேல் ஏதேனும் கனமான பொருளை வைத்து ஆம்ப்ளிஃபயரைத் திறந்தே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை என்றாலும், மீட்டாத நேரத்திலும் மைக்கின் இரைச்சல் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மேலான வழி, என்வலப் ஃபாலோயர் எனப்படும் சுற்றைப் பயன்படுத்துவது. உள்ளே வரும் ஒலியின் வலுவை அளந்து, அதற்கேற்ப ஏறி இறங்கும் ஒரு வோல்டேஜை அது தரும். அந்த வோல்டேஜை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் மீட்டும்போது மட்டும் அது திறக்கும். ஃபில்டருக்குக் கொடுத்தால், அழுத்தமாக மீட்டிய ஸ்வரம் பளிச்சென்று தொடங்கி, தந்தியின் கார்வை அடங்க அடங்க மங்கிக்கொண்டே போகும். கீயை வைத்து வாசிக்கும்போது கிடைக்காத, மீட்டுக்கு மீட்டு வேறுபடும் ஒரு குணம் இதில் கிடைப்பதால், இந்த முயற்சிக்கே இதுதான் பயன் என்பேன். ஃபாலோயரின் வேகத்தை மிகவும் கூட்டினால் ஒலியில் ஒரு கரகரப்பு ஏறும்; மிகவும் குறைத்தால் அடுத்தடுத்து விழும் மீட்டுகள் ஒன்றோடொன்று குழம்பும். காதால் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இனி, ஒலி சன்னமாக இருப்பதைப் பார்ப்போம். பீசோ (அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடு) வகைக் கான்டாக்ட் மைக்கை, சில பத்து கிலோ ஓம் மின்தடை மட்டுமே உள்ள சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால், முதலில் அடிபடுவது மந்திர ஸ்தாயிதான். இடையில் 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளீட்டுத் தடை கொண்ட ஒரு ப்ரீஆம்ப் (ஒலியை முதலில் பெருக்கித் தரும் சுற்று) அவசியம். வீட்டு ஆடியோ சாதனங்களின் லைன் அளவு ஏறத்தாழ 0.3 வோல்ட்; தனித்தனிப் பகுதிகளை இணைத்து அமைக்கும் யூரோராக் மாடுலர் சிந்தசைசர்களுக்குள் புழங்குவதோ, உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 10 வோல்ட். ஆகவே ப்ரீஆம்ப்பில் ஒலியைத் தாராளமாகவே ஏற்றலாம். ஃபில்டர் சற்றே உறுமத் தொடங்கும் இடம் பலருக்கும் பிடித்த இடம்தான்.

கேள்வி: வீணையில் நான் வாசிக்கும் ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, சிந்தசைசரும் உடன் வாசிக்குமாறு செய்ய முடியுமா?
– அதே வாசகி

பதில்: முடியும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1978இல் வந்த கோர்க் எம்எஸ்-20 சிந்தசைசரிலேயே, வெளி ஒலியின் சுருதியை வோல்டேஜாக மாற்றும் பகுதி இருந்தது. அத்தகைய சுற்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் எதிர்பார்க்கும். வீணையிலோ வாசிப்புத் தந்திகள் நான்கோடு தாளத் தந்திகள் மூன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன. மேலும், வீணை ஒலியில் இரண்டாம் ஹார்மோனிக் (ஸ்வரத்தின் இரட்டை அதிர்வெண்ணில் எழும் துணை ஒலி) வலுவாக இருக்கும்போது, சுற்று ஏமாந்து ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். எம்எஸ்-20இல் அந்தப் பகுதிக்கு முன்பாக, கீழ் ஒலிகளையும் மேல் ஒலிகளையும் வெட்டும் இரு ஃபில்டர்களை வைத்திருப்பது இத்தகைய குழப்பத்தைக் குறைக்கத்தான். தாளத் தந்திகளைத் துணியால் அடக்கிவிட்டு, கமகம் குறைந்த நேரான ஸ்வரங்களை வாசித்தால் ஓரளவு பின்தொடரும். தோடியின் காந்தாரத்தை அசைத்து அதனிடம் கொடுத்தால், நீங்கள் வாசித்ததற்கும் அது வாசிப்பதற்கும் தொடர்பே இராது.

கேள்வி: சிந்தசைசரை மிக்ஸரோடு இணைத்தவுடன் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. ஃபில்டரால் நீக்கலாமா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சல் 50, 100, 150 எனப் பல இடங்களில் பரவியிருக்கும் என்பதால், ஃபில்டரால் அதை வெட்டினால் இசையும் சேர்ந்தே போகும். எல்லாச் சாதனங்களையும் ஒரே பிளக் போர்டிலிருந்து இயக்கிப் பாருங்கள்; அப்போதும் நீங்காவிட்டால், ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (சாதனங்களுக்கிடையே நேரடி மின் இணைப்பின்றி ஒலியை மட்டும் கடத்துவது) ஒன்றை இடையில் சேருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் விசாரித்துப் பார்க்கலாம். இரைச்சல் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.