கரையான் வயிற்று நுண்ணுயிர்களை வைத்து மட்கு தயாரிக்க முடியுமா?

கேள்வி: தோட்டத்தில் மூடாக்கு போட்டிருக்கிறேன். புதிதாக நட்ட கன்றுகளின் அடித்தண்டைக் கரையான் அரிக்கிறது. கரையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மரத்தைச் செரிக்கின்றன என்று படித்தேன். மாட்டுக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைத்து ஊற்றினால் அந்த நுண்ணுயிர்கள் செத்து, கரையானும் பட்டினியால் ஒழியாதா? அல்லது கரையான்களைப் பிடித்து அரைத்து, சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, மட்காமல் கிடக்கும் சோளத்தட்டைக் குவியலில் ஊற்றலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலாவது நிலத்துக்குக் கெடுதல், இரண்டாவது வீண் உழைப்பு. ஆனால் நீங்கள் படித்தது உண்மை. அதை விரிவாகத் தெரிந்துகொண்டால் கன்றுக்கும் குவியலுக்கும் என்ன செய்யலாம் என்பதும் புரிந்துவிடும்.

1920களில் கிளீவ்லாந்து என்ற அமெரிக்க ஆய்வாளர் உங்கள் யோசனையை ஒட்டிய ஒரு சோதனையைச் செய்தார். சில கரையான்களின் பின்குடலில் பெரிய ஒற்றைச்செல் உயிர்கள் கூட்டமாக வாழ்கின்றன. மரத்துகளை அப்படியே விழுங்கிச் செரிப்பவை அவை. ஆக்சிஜனை அதிக அழுத்தத்தில் செலுத்தியபோது கரையான் பிழைத்தது, உள்ளே இருந்த ஒற்றைச்செல் உயிர்கள் மட்டும் செத்தன. அதன் பிறகும் கரையான் மரத்தைத் தின்றுகொண்டேதான் இருந்தது, ஆனால் பட்டினியால் மடிந்தது. அந்த உயிர்களைத் திரும்பக் குடலில் சேர்த்தபோது பிழைத்துக்கொண்டது. கரையானுக்குச் சொந்தமாகவும் மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை உடைக்கும் நொதி உண்டு என்பது 1998இல் உறுதியானது. ஆனாலும் அது மட்டும் அதற்குப் போதாது.

சரி, அப்படியானால் மருந்து ஊற்றினால் என்ன? கரையான்களில் ஏறத்தாழ 3,000 இனங்கள் உண்டு. மேலே சொன்ன ஒற்றைச்செல் உயிர்கள் இருப்பது பழமையான குடும்பங்களில்தான். மீதி உள்ள, எண்ணிக்கையில் மிகப் பெரிய குடும்பத்தில் அவை கிடையாது, செரிமானத்துக்குப் பாக்டீரியாக்களைத்தான் நம்பியிருக்கின்றன. ஆசியா, ஆப்பிரிக்கா வயல்களில் பயிரை அரிப்பவை பெரும்பாலும் இந்தப் பெரிய குடும்பத்தில் பூஞ்சை வளர்க்கும் பிரிவு. அவற்றின் செரிமானத்தில் பாதி வேலை வயிற்றுக்கு வெளியே நடக்கிறது. இளம் வேலைக்காரக் கரையான்கள் சருகையும் பூஞ்சை வித்துகளையும் சேர்த்துத் தின்று, அரைகுறையாகச் செரித்த எச்சத்தைக் கூட்டுக்குள் அடுக்குகின்றன. அதில் பூஞ்சை வளர்ந்து, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற கடினமான பொருளை உடைக்கிறது. பழுத்த அடுக்கை மூத்த வேலைக்காரர்கள் தின்கின்றன. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் இந்தப் பூஞ்சையுடையதுதான். கூட்டை வெட்டிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாகப் பஞ்சு போன்ற அடுக்குகளும், அதில் சிறு வெள்ளை உருண்டைகளும் இருந்தால் உங்களுடையது இந்த வகை.

மண்ணில் ஊற்றும் ஆன்டிபயாட்டிக் ஆழத்தில் இருக்கும் அந்தக் கூட்டைப் போய்ச் சேராது. பயிருக்கு உதவும் மண் பாக்டீரியாக்களைத்தான் அடிக்கும். அதைவிட மோசம், மருந்துக்கு அசையாத கிருமிகள் பெருகும், நாளை அந்தக் கிருமிகளால் உங்கள் மாட்டுக்கோ வீட்டாருக்கோ நோய் வந்தால் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இப்போது அரைத்து ஊற்றுவது. மாட்டின் இரைப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நடக்கும் நொதித்தல் போன்றதுதான் இங்கும், ஆனால் பல இனங்களில் குடலின் கொள்ளளவே ஏறக்குறைய ஒரு மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு நீரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த இடத்துக்குள் நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகள் இருக்கின்றன. குடல் சுவரை ஒட்டிய மெல்லிய பகுதியில் கொஞ்சம் ஆக்சிஜன் கசியும், நடுப்பகுதியில் அறவே இருக்காது. ஆக்சிஜனைத் தாங்குபவை ஓரத்தில், தாங்காதவை நடுவில் என்று ஒவ்வொன்றும் தனக்கேற்ற இடத்தில் வாழ்கிறது. மண்ணைத் தின்னும் சில கரையான்களின் குடலில் ஒரு பகுதியின் காரத்தன்மை 12 பிஎச் வரை போகிறது, சுண்ணாம்புத் தெளிநீருக்குச் சமம்!

நடக்கும் வேலையும் சங்கிலித் தொடர்தான். செல்லுலோஸ் உடைந்து சர்க்கரையாகிறது. அது நொதித்து அசிட்டிக் அமிலமும் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் தருகிறது. அந்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து, சுருள் வடிவப் பாக்டீரியாக்கள் சில மறுபடியும் அசிட்டிக் அமிலமாகவே ஆக்குகின்றன. கரையானுக்கு முக்கியமான எரிபொருள் அதுதான். மாட்டில் இந்த ஹைட்ரஜனில் பெரும்பங்கு மீத்தேனாகி ஏப்பத்தில் வீணாகிறது. மரம் தின்னும் கரையானில் பெரும்பங்கு உணவாகத் திரும்பிவிடுகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

இவற்றில் மிகப் பல வகைகளை ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்க்கவே முடியவில்லை. நீங்கள் அரைத்த நொடியில் குடலின் அடுக்கு கலைந்து ஆக்சிஜன் உள்ளே போகும், பலவும் செத்துவிடும். சர்க்கரையில் பெருகுவது காற்றிலும் மண்ணிலும் இருக்கும் ஈஸ்டும் சாதாரணப் பாக்டீரியாவும்தான். கரையானே ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் குடலின் உள்தோலோடு தன் நுண்ணுயிர்களில் பெரும்பகுதியை இழக்கிறது, கூட்டாளியிடமிருந்து திரும்பப் பெறுகிறது. ஒற்றைச்செல் உயிர்கள் உள்ள கரையான்களில் இது கூட்டாளியின் பின்துளையிலிருந்து வரும் நீர்மத்தைக் குடித்து நடக்கிறது.

குவியலுக்குத் தேவையான பாடம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. மரத்தில் கரி (கார்பன்) ஏராளம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. கரையானின் குடல் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. பயறு வேர் முடிச்சில் நடக்கும் அதே வேலை. சில கரையான்களில் அந்தப் பாக்டீரியா ஒற்றைச்செல் உயிரின் உடலுக்குள்ளேயே வாழ்கிறது.

உங்கள் தட்டைக்கும் அதே குறைதான். நன்றாக மட்க, கரி 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவு வேண்டும். காய்ந்த தட்டையில் கரி அதைவிட வெகு அதிகம். ஆகவே தட்டையைச் சிறு துண்டாக வெட்டி, ஓர் அடுக்கு தட்டை, அதன் மேல் பசுந்தழை, சாணக் கரைசல் என மாற்றி மாற்றிப் போடுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். உள்ளே சூடு ஏறி இறங்கியதும் புரட்டிவிடுங்கள். சூடும் ஈரமும் உள்ள குவியலுக்குள் கரையான் வருவது குறைவு.

கன்றுகளுக்கு: காய்ந்து வாடும் கன்றைத்தான் கரையான் முதலில் பிடிக்கும், அதனால் முதல் வருடம் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்காத சாணத்தைக் குழியில் போடாதீர்கள். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஆனால் முழுவதையும் அள்ளிவிட வேண்டாம். வேறு உணவு இல்லாதபோது கரையான் கன்றைத்தான் தேடி வரும். அப்புறம், வளர்ந்த மரத்தின் பட்டை மேல் மண் பூச்சு தெரிந்தால் பதற வேண்டாம். கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் அது செத்த பட்டையைத்தான் தின்கிறது. கையால் தட்டிவிட்டால் போதும். வரப்போரத்துப் புற்று கன்றுக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். கைவிடப்பட்ட புற்று மண்ணை மணல் நிலத்தில் பரப்பலாம், அதிலுள்ள களி ஈரம் பிடிக்கும். வெட்டுமுன் பாம்பு இருக்கிறதா என்று கவனித்து வெட்டுங்கள்.