ஹன்டிங்டன் நோயும் ஸ்கேன் வண்ணங்களும்: கேளுங்கள், சொல்கிறேன்

சாட்ஸ்வர்த் தங்கை: அக்கா, அப்பாவுக்கு ஹன்டிங்டன், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் மூளை நோய். எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி ஸ்கேனில் படுக்க வைத்துக் கட்டை உருவங்களைக் காட்டுவார்களாமே, எதற்கு?

பதில்: திரையில் இரண்டு உருவங்கள் வரும், ஒன்று சாய்ந்திருக்கும். அதை மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, இரண்டும் ஒன்றா, கண்ணாடிப் பிம்பமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குத் தலையின் மேல்-பின் பக்கத்துப் பரைட்டல் பகுதி நிறைய உழைக்கும். இந்த நோயில் சீக்கிரமே சுருங்குவது மூளைக்குள்ளே இருக்கும் காடேட் என்ற பகுதி, அதுவும் கை கால் ஆட்டம் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே. இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. அதனால் விடை சரியாக வரும் காலத்திலேயே உள்ளே வேலை மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் வேலை கூடிய இடத்தைச் சிவப்பாகக் காட்டி வெளியிடுகிற படம் பலரைச் சேர்த்த சராசரி, உங்களுக்கு நோய் வருமா என்று அதில் தெரியாது.

பீனிக்ஸ் அண்ணன்: எனக்கு சிவப்பு அதிகம், நோயா?

பதில்: மேலே தங்கைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டோங்காட் தம்பி: சிவப்பு கூடினால் மூளை ஈடுகட்டுகிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. ஸ்கேன் அளப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. மதிப்பெண் நோயில்லாதவர்களுக்குச் சமமாக இருந்து செயல்பாடு கூடினால் ஈடுகட்டல் என்று வாதிடலாம், திறமை குறைந்து கூடுதலாகத் திணறுகிறது என்றும் வாதிடலாம். தலை துளி அசைந்தாலும் பொய் வண்ணம் வரும், இந்த நோயிலோ அசைவுதான் அறிகுறியே.

அதே தம்பி: அசைவைக் கணக்கில் கழித்துவிடுகிறார்களே அக்கா?

பதில்: கழிக்கிறார்கள், முழுசாகப் போகாது. பொத்தானை அழுத்தும் அதே நொடியில் தலையும் ஆடினால் எதை எதிலிருந்து பிரிப்பாய்? காடேட் சுருங்கியிருந்தால் பக்கத்து மூளை நீர்மமும் அளவில் கலந்துவிடும், அதையும் சேர்த்துக்கொள்.

வெருலம் அம்மா: ஸ்கேனில் சிவப்பு வந்தால்...

பதில்: சிவப்பைப் பற்றி இனிமேல் பதில் கிடையாது.

டர்பன் நர்ஸ்: ஆப்பிரிக்க நோயாளி ஒருவர், அறிகுறி எல்லாம் ஹன்டிங்டன், மரபணுச் சோதனையில் இல்லை என்று வந்தது.

பதில்: ஹன்டிங்டன் போன்ற நோய் 2 என்று வேறொரு நோய் உண்டு, அதற்கான சோதனையைக் கேளுங்கள். அதற்குக் காரணம் 16-ம் குரோமோசோமில் ஜே.பி.ஹெச்.3 மரபணுவில் வரும் மாற்றம், 2001-ல் கண்டுபிடித்தது. அது வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆப்பிரிக்க வம்சாவளியினர், நம் தென்னாப்பிரிக்காவில் அதை விட்டுவிடவே கூடாது.

பீனிக்ஸ் அண்ணன்: அப்போ எனக்கு எப்படித்தான் தெரியும்?

பதில்: ரத்தச் சோதனை, அதுவும் மரபியல் ஆலோசகரிடம் பேசிய பிறகு. இந்த நோய்க்குக் காரணமான எச்.டி.டி. மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற எழுத்துத் தொடர் 40 தடவை அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், சாதாரண ஆயுசு வாழ்ந்தால் நோய் வந்தே தீரும், 36-லிருந்து 39 தடவை என்றால் நோய் வரலாம், வராமலும் போகலாம். பிள்ளைகளுக்கு அறிகுறி இல்லாமல் சோதனை செய்யாதீர்கள், 18 வயசானதும் அவர்களே முடிவு செய்யட்டும்.