கித்திரா தைம் தேன் உறைந்தால் கலப்படமா?

போன செப்டம்பரில் கிரேக்க நாட்டின் கித்திரா தீவில் வாங்கிய தைம் தேன் (தைம் என்பது ஒரு வாசனை மூலிகைச் செடி) குருணை குருணையாக உறைந்துவிட்டது, அதே கடையில் வாங்கிய பைன் தேன் இன்னும் பாகாகவே இருக்கிறது, அப்படியானால் தைம் தேனில் சர்க்கரை கலந்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உறைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

பைன் தேன் பூவிலிருந்து வருவதில்லை. பைன் மரப்பட்டையில் ஒட்டி வாழும் ஒரு செதில்பூச்சி சாற்றை உறிஞ்சி, இனிப்பான நீரைக் கசியவிடும். தேனீக்கள் அதைத்தான் சேகரிக்கின்றன. அதில் குளுக்கோஸ் குறைவு, அதனால் லேசில் உறையாது. தைம் அப்படியில்லை. ஜூன், ஜூலை வெயிலில் பூக்கும் அந்தக் குத்துச்செடியின் தேன் ஓராண்டுக்கு முன்பின்னாக உறைவது சகஜம்.

தண்ணீரில் விடுவது, தீக்குச்சி கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதையும் நம்பாதீர்கள். தைம் தேன் என்று விற்க, அதிலுள்ள மகரந்தத்தில் குறைந்தது 18 சதவீதம் தைம் மகரந்தம் இருக்க வேண்டும் என்பது கிரேக்க விதி. (குறைவாகத் தோன்றும், ஆனால் தைம் பூவில் மகரந்தமே கொஞ்சம்தான்.) அதை நுண்ணோக்கியில்தான் எண்ண முடியும். சர்க்கரைப் பாகு கலப்புக்கும் ஆய்வகம்தான் வழி.

இளக்க வேண்டுமென்றால் 40 டிகிரி வெந்நீரில் பாட்டிலை வையுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம், வாசனை போய்விடும். என்னைக் கேட்டால் உறைந்தபடியே கெட்டித் தயிரில் போட்டுச் சாப்பிடுவேன். நுரையும் புளித்த வாடையும் இருந்தால் மட்டும் அது வேறு கதை, நொதித்திருக்கிறது.