கன்னியாஸ்திரீகளின் சம்பளம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ். நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள், பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். கட்டணம் ஆண்டுக்கு 38,000 டாலர், அதில் 20,000 டாலர் உதவித்தொகை. நாங்கள் இந்துக்கள். மதம் மாறச் சொல்வார்களோ என்று மனைவி பயப்படுகிறாள். தரவரிசையிலும் பெயரைக் காணோம். ஆனால் சிஸ்டர்கள் ஆரம்பித்த இடம், மூடிவிட்டுப் போய்விட மாட்டார்கள் என்று நான் தைரியமாக இருக்கிறேன். அனுப்பலாமா?

ஒரு தந்தை, திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாளாக இந்தச் சிறு கல்லூரிகளின் வரவு செலவைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியைத் தாண்ட முடியவில்லை.

மதமாற்ற பயத்தை விடுங்கள். இளங்கலைக்கு இறையியல் அல்லது மெய்யியலில் இரண்டு மூன்று பாடங்கள் கட்டாயமாக இருக்கும். திருப்பலிக்கு யாரும் இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். தரவரிசையும் வேண்டாம். சுற்றியுள்ள பத்து ஊர்களுக்கு நர்சும் வாத்தியாரும் தயார்செய்து கொடுக்கிற கல்லூரிக்கு அந்தப் பட்டியலில் என்ன வேலை?

ஆனால் ‘மூடிவிட்டுப் போய்விட மாட்டார்கள்’ என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? நம்மூர் வழக்கத்தை வைத்து. திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் 1844-லிருந்து நடக்கிறது, சென்னை லயோலாவுக்கு நூறு வயது. அவை நிலைப்பதில் அரசு உதவிபெறும் பணியிடங்களுக்கு அரசே சம்பளம் கொடுப்பதற்கும் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் தனியார் கல்லூரி ஆசிரியருக்கு அரசு சம்பளம் கிடையாது. பிள்ளைகள் கட்டுகிற பணம்தான் சம்பளம்.

அப்படியானால் முன்பு எப்படி ஓடின? சிஸ்டர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தினார்கள். கணக்கில் அதை எழுதிய விதத்தைப் பாருங்கள். அதே வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன கொடுக்க வேண்டுமோ அந்தத் தொகையைச் செலவில் எழுதுவார்கள். அதே தொகையைச் சபையின் நன்கொடை என்று வரவிலும் எழுதுவார்கள். கையில் காசு மாறவே மாறாது. கல்லூரிக்கு வைப்புநிதி இருக்கிறதா என்று அங்கீகார அமைப்பு கேட்டபோது, இந்த உழைப்பையே ‘உயிருள்ள வைப்புநிதி’ என்று காட்டினார்கள், அதுவும் ஏற்கப்பட்டது. பொய்யில்லை. ஆனால் உயிருள்ளது ஒருநாள் முதுமையடையும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

1965-ல் அமெரிக்காவில் சுமார் 1,80,000 சிஸ்டர்கள் இருந்தார்கள். இன்று 40,000 பேர்கூட இல்லை, அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்கள் விட்ட இடத்துக்கெல்லாம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருந்தது, அதற்கென்று எடுத்துவைத்த முதல் இல்லை. இன்னொரு பக்கம் சிஸ்டர்களின் முதுமைக்கும் எதுவும் சேரவில்லை. துறவற சபைகள் அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் சேர வழி திறந்ததே 1972-ல்தான். வயதான துறவியரின் பராமரிப்புக்காக 1988-லிருந்து ஆண்டுதோறும் தேவாலயங்களில் தனிக் காணிக்கை எடுக்கிறார்கள். பல தலைமுறைப் பெண்களைப் படிக்கவைத்தவர்களுக்குக் காணிக்கைத் தட்டு! இதைச் சொல்லாமல், மூடிய கத்தோலிக்கக் கல்லூரிகளைப் பற்றி ‘மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் மூடினார்கள்’ என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள்.

மூடுவதிலும் இரண்டு விதம் உண்டு. மில்வாக்கியில் பிரான்சிஸ்கன் சிஸ்டர்கள் 1937-ல் தொடங்கிய கார்டினல் ஸ்ட்ரிச் பல்கலைக்கழகம், 2023 ஏப்ரலில் அறிவித்து மே மாதமே வகுப்புகளை முடித்துக்கொண்டது. செயின்ட் லூயிஸில் ஃபான்ட்பான் பல்கலைக்கழகம் 2024 மார்ச்சில் அறிவித்து 2025 கோடை வரை நடத்தியது. முன்னதில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சில வாரம், பின்னதில் ஓராண்டுக்கு மேல். நர்சிங் மாணவிக்கு இது சின்ன விஷயமில்லை. வகுப்புப் பாடங்களின் கிரெடிட்டை வேறு கல்லூரி பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். மருத்துவமனைப் பயிற்சியில் பாதியில் வந்தவளுக்கு இடம் ஒதுக்குவது கடினம், பல இடங்களில் ஒரு செமஸ்டரைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவள், கல்லூரி மூடும் முன்பே செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவை இன்னொரு கல்லூரிக்கு மாற்றி, அந்தக் கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தைப் புதிதாக வாங்கியாக வேண்டும்.

இப்போது அந்த 20,000 டாலருக்கு வருவோம். அதைக் கண்டு பூரித்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட கல்லூரிகளில் அதற்குப் பின்னால் பெரும்பாலும் எந்த நிதியும் இருக்காது. விலையை ஏற்றி எழுதிக் குறைத்துக் காட்டுகிற ஆடித் தள்ளுபடி அது. அங்குள்ள தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகக் கட்டணத்தில் பாதிக்கும் மேல் இப்படிக் குறைக்கின்றன. கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறி, உதவித்தொகை அப்படியே நின்றால், முதலாண்டில் 18,000 கட்டிய நீங்கள் நான்காம் ஆண்டில் 22,745 டாலர் கட்டுவீர்கள். தங்குவதும் சாப்பாடும் தனி. மதிப்பெண் எவ்வளவுக்குக் கீழே போனால் தொகை நிற்கும் என்று உதவித்தொகைக் கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். படித்தீர்களா?

கல்லூரியின் இணையதளத்தில் தேவாலயத்தின் படத்தைப் பார்க்கிற நேரத்தில் ஃபார்ம் 990-ஐத் திறக்கலாம். லாப நோக்கில்லாத நிறுவனங்கள் அமெரிக்க வருமான வரித்துறைக்குத் தரும் அறிக்கை அது, இணையத்தில் இலவசம். முதல் பக்கத்தில் 19-ஆம் வரி: வரவிலிருந்து செலவைக் கழித்த மீதி. முந்தைய ஆண்டும் நடப்பாண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் எழுதி வையுங்கள். ஓராண்டு நஷ்டம் பரவாயில்லை, மூன்றாண்டு தொடர்ந்தால் யோசியுங்கள். பிறகு பத்தாம் பகுதியில் 27, 28-ஆம் வரிகள். 28-ல் இருப்பது நன்கொடையாளர் நிபந்தனை போட்ட பணம், சம்பளத்துக்கு இஷ்டம்போல் எடுக்க முடியாது. ‘எங்களிடம் இத்தனை கோடி டாலர் வைப்புநிதி’ என்று கல்லூரி பெருமை பேசும்போது, அதில் எவ்வளவு இந்த வரியில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். 27-ல் இருப்பது நிபந்தனையில்லாத சொத்து. ஆனால் அதிலும் கட்டடங்களின் மதிப்பு கலந்திருக்கும், கட்டடத்தை விற்றுச் சம்பளம் போட முடியாது. ஒன்று, இந்த அறிக்கை ஒன்றரை இரண்டு ஆண்டு பழையதாக இருக்கும். மதம் சார்ந்த சில நிறுவனங்களுக்கு இதைத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கும் உண்டு. கிடைக்கவில்லை என்றால் தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள்.

அமெரிக்க மத்தியக் கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதி மதிப்பெண் போடுகிறது, மைனஸ் 1-லிருந்து 3 வரை. 1.5-க்குக் கீழே போனால் கண்காணிப்பு வரும். தேர்ச்சி பெற்றதாலேயே நிம்மதி அடைய வேண்டாம், அதுவும் பழைய கணக்குதான்.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள். கணக்கு சரியாக இருந்தால் அனுப்புங்கள். ஒரு வகுப்பில் இருபது பேர், பெயர் தெரிந்த ஆசிரியர், உள்ளூர் மருத்துவமனையிலேயே பயிற்சி: நர்சிங்குக்கு இது நல்ல படிப்பு. மாநில நர்சிங் வாரியத்தின் பட்டியலில் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வின் முதல்முயற்சித் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். அப்புறம் மூன்றே கேள்விகள் எழுதி அனுப்புங்கள். கடந்த மூன்றாண்டில் கல்லூரியின் கடன் ஒப்பந்த நிபந்தனை எதுவும் மீறப்பட்டதா? கல்லூரி நின்றால் மாணவர்களை ஏற்க எந்தக் கல்லூரியோடு ஒப்பந்தம் உண்டு? நான்கு ஆண்டுக்கும் உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் தருவீர்களா? இதற்கு நிதி அலுவலகத்திலிருந்து பதில் வர வேண்டும். அட்மிஷன் அலுவலகம் மட்டும் இனிக்க இனிக்க எழுதினால் முன்பணம் கட்டாதீர்கள்.