கேளுங்க அக்கா: பாலிக்குப் போய் பெல்லி டான்ஸ்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஒரு வாரம் பெல்லி டான்ஸ் ரிட்ரீட், அதாவது அங்கேயே தங்கி ஆடிப் பழகும் முகாம், போய் வந்ததைப் போன இதழில் நாலே வரியில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே. சம்பள உயர்வு பற்றிக் கேட்ட தம்பி மன்னிக்கவும், அடுத்த தடவை பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு 43 வயது, இரண்டு பிரசவமும் சிசேரியன். ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமை பெல்லி டான்ஸ் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் ஜும்பா என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் டீச்சர் ஒரு குழுவை பாலி ரிட்ரீட்டுக்கு அழைத்துப் போகிறார். ஆசையாக இருக்கிறது, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்றும் இருக்கிறது. மாமியாரிடம் என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், மேற்கு மாம்பலம்

முதலில் அந்த ஜும்பா பொய்யை விடுங்கள். நானும் அம்மாவிடம் ‘யோகா முகாம்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் கூட வந்த பெண் ஒருத்தி போட்டோவைப் போட, அது சுற்றிச் சுற்றி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்து சேர்ந்தது. அங்கே ராத்திரி பத்தரை, இங்கே எட்டு மணி, அம்மா சாப்பிட்டு முடித்து சாவகாசமாகப் போன் செய்தார். இடுப்பில் காசு கட்டிக்கொண்டு என்ன யோகா என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. நடனத்துக்காக யாரும் கோபப்படவில்லை, பொய் சொன்னதற்குத்தான் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். மாமியாரிடம் நேராகச் சொல்லுங்கள், கூடவே அந்த வாரம் சமையலுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

வயது பிரச்சினையே இல்லை. எங்கள் குழுவில் 61 வயது அம்மா ஒருவர் இருந்தார், முதல் நாள் முதல் வரிசையில் நின்றவரும் அவர்தான். நீங்கள் யோசிக்க வேண்டியது வயிற்றைப் பற்றி. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வயிற்றுத் தசை நடுவில் விலகியே நின்றுவிடும். தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினால் நடு வயிறு மேடு கட்டி எழும்புகிறதா? அப்படியானால் பணம் கட்டும் முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். சரிசெய்யக்கூடிய விஷயம்தான், ஆனால் அங்கே போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஆடுவது வேறு, ஏழு நாள் தொடர்ந்து காலையில் இரண்டரை மணி, சாயங்காலம் இரண்டு மணி ஆடுவது வேறு.

ரிட்ரீட் என்றதும் நீச்சல் குளம், இளநீர், பூ மிதக்கும் தொட்டி என்று படம் போடுவார்கள். எல்லாம் இருந்தது, இறங்கத்தான் தெம்பில்லை. மூன்றாம் நாள் நான் படியில் பக்கவாட்டில்தான் இறங்கினேன், தொடை அப்படி. ஆனால் அந்த மூன்றாம் நாள்தான் டீச்சர் என் விலா எலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இது அசையக் கூடாது, கீழே மட்டும் எட்டு போடு” என்றார். நானும் ஒரு வருஷமாக இடுப்பால் எட்டுப் போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவள். கை பிடித்தபோதுதான் தெரிந்தது, இடுப்பு சும்மா இருந்திருக்கிறது, மேல் உடம்புதான் இவ்வளவு நாளும் ஆடியிருக்கிறது! முழங்காலை லேசாகத் தளர்த்தி, ஒரு முட்டி நிமிரும்போது மற்றது மடங்க, அதில்தான் இடுப்பு தானாக ஏறி இறங்குகிறது. வாய் வார்த்தையாக இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். பத்து நிமிஷம் ஒருவர் கை வைத்துப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. இருபது பேர் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதற்கு நேரம் ஏது?

ஏழு மாதம் கற்றிருக்கிறீர்கள் இல்லையா, அதனால் போங்கள் என்கிறேன். ஒன்றுமே தெரியாமல் நேராக ரிட்ரீட்டில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டாம் என்பேன். அடிப்படையை இங்கேயே ஆறு மாதம் கற்றுக்கொள்ளலாம், அதற்கு விமானம் எதற்கு?

கேள்வி: பாலிக்கும் பெல்லி டான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

ஒரு சம்பந்தமும் இல்லை. நடனம் எகிப்து, லெபனான், துருக்கிப் பக்கம். உபுத் ஊரைச் சுற்றி யோகாவுக்கென்று கட்டிய திறந்தவெளி மரத்தளக் கூடங்கள் நிறைய இருக்கின்றன, தங்குமிடத்தோடு சேர்த்து வாடகைக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். பாலிக்காரர்களின் சொந்த நடனம் லெகோங் மாதிரியானவை, கண்ணையும் விரலையும் அவர்கள் வைத்துக்கொள்கிற அழகே தனி. போனால் ஒரு ராத்திரி உபுத் அரண்மனை முற்றத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வருடம் பரதம் கற்றவள் நான். எனக்கு இது சுலபமாக வருமா?
– ஒரு கல்லூரி மாணவி, மயிலாப்பூர்

வராதும்மா. ஆரம்பத்தில் மற்றவர்களைவிடக் கஷ்டப்படுவாய். பன்னிரண்டு வருஷம் உன் வாத்தியார் ‘இடுப்பு அசையக் கூடாது’ என்று தட்டித் தட்டிப் பழக்கியிருப்பார். அரைமண்டியில் முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரியும், உடம்பு ஒரே தூணாக நிற்கும். இங்கே பாதம் இரண்டும் நேராக, பக்கத்தில் பக்கத்தில். தூணைத் துண்டு துண்டாகக் கழற்றுவதுதான் பாடமே. தோள் தனி, நெஞ்சு தனி, இடுப்பு தனி. கால் தட்டவும் கூடாது. எங்களோடு வந்த ஒரு பரதப் பெண் முதல் நாள் காலைத் தட்டிய தட்டில் மரத்தளம் அதிர்ந்தது.

ஆனால் தாளம் வந்ததும் கதை மாறியது. அவர்கள் வாசிக்கும் குடம் போன்ற ஒற்றைமுகத் தோல் வாத்தியத்தை தர்புகா என்பார்கள், எகிப்தில் அதற்குப் பெயரே தபலா. அதில் சொல்லும் உண்டு: நடுவில் அடித்தால் தும், விளிம்பில் தெக், இன்னொரு கையால் கா. மக்ஸூம் என்று ஒரு தாளம், ‘தும் தெக், தெக் தும், தெக்’ என்று போகும். நாங்கள் எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க, அந்தப் பெண் தொடையில் தட்டி இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டாள். ஐந்தாம் நாள் வாத்தியக்காரர் எதிரில் உட்கார்ந்து வாசிக்க, ஒவ்வொருவரும் தனியாக ஆட வேண்டும். அன்று அவள் ஆடியதைத்தான் எல்லாரும் படம் பிடித்தார்கள். முதல் மூன்று நாள் அழாமல் தாங்கினால் உனக்கும் அது நடக்கும்.

கேள்வி: மனைவி இந்த ரிட்ரீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். கிளப் டான்ஸ் கற்றுக்கொள்ள வெளிநாடா? கௌரவமான குடும்பத்துப் பெண்கள் செய்கிற வேலையா இது?
– ஒரு கணவர், வேளச்சேரி

ஐயா, நீங்கள் சொல்கிற கிளப் டான்ஸ் நம் பழைய சினிமாவில் வில்லன் விஸ்கி குடிக்கும்போது வருவது. இந்த நடனத்துக்கு அரபியில் பெயர் ரக்ஸ் ஷர்கி, கிழக்கத்திய நடனம் என்று அர்த்தம், அதில் வயிறு என்ற பேச்சே இல்லை. ‘வயிற்று நடனம்’ என்று முதலில் சொன்னது பிரெஞ்சுக்காரர்கள். 1893 சிகாகோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் அந்தப் பெயர் பரவியது. எகிப்தில் கல்யாண வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை ஆடுவார்கள். ஜிகினா மேல்சட்டையும் மேடை அலங்காரமும் கெய்ரோவில் 1920களில் பதியா மஸாப்னி என்ற பெண்மணி நடத்தியது போன்ற அரங்குகளில் வளர்ந்தவை. தஹியா கரியோகா, சாமியா கமால் என்று பெரிய பெயர்கள் அவரிடமிருந்து வந்தவைதான்.

கௌரவம் என்று கேட்டதால் ஒன்று. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி 1834இல் ஆடும் பெண்களை கெய்ரோவை விட்டே துரத்தினார். நம் ஊரில் சதிர் ஆடியவர்களை என்ன பாடு படுத்தினோம், 1947இல் சட்டம் போட்டுக் கோயில் ஆட்டத்தை நிறுத்தி, அதே ஆட்டத்தைப் பரதநாட்டியம் என்ற பெயரில் சபாவில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். உங்கள் வீட்டில் பெண் குழந்தை இருந்தால் பரத வகுப்புக்கு அனுப்பியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். உங்களுடைய தாத்தா காலத்தில் அதற்கும் இதே கேள்விதான்.

அங்கே ஆண்கள் உண்டா என்று நீங்கள் கேட்காமல் விட்டதற்கும் பதில் சொல்கிறேன்: எங்கள் குழுவில் தாளம் வாசித்தவர் மட்டும்.

கேள்வி: சுத்த சைவம். வெங்காயம் பூண்டுகூடச் சில நாள் கிடையாது. சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

முடியும், ஆனால் சம்பலில் ஜாக்கிரதை. பார்க்க நம் மிளகாய்த் துவையல் மாதிரியே இருக்கும், பல சம்பல்களில் தெராசி என்று இறால் விழுது சேர்ப்பார்கள். ‘மீட் இல்லை’ என்றால் அவர்கள் கணக்கில் இறால் அதில் வராது. ‘தான்பா தெராசி’ என்று சொல்லுங்கள், தெராசி இல்லாமல் என்று அர்த்தம். தெம்பே என்று சோயாவைப் புளிக்க வைத்துக் கட்டியாக்கி வறுத்துத் தருவார்கள், பிடித்துப்போகும். வெங்காயம், பூண்டு இல்லாத நாளுக்குப் பழமும் கையில் கொண்டுபோன புளிக்காய்ச்சலும்தான். குழாய்த் தண்ணீரைப் பல் தேய்க்கக்கூட வாயில் விடாதீர்கள். அங்கே வயிறு கெட்டால் ‘பாலி பெல்லி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெல்லி டான்ஸுக்குப் போய் பாலி பெல்லியோடு திரும்பிய ஒருத்தியை எனக்குத் தெரியும், அவள் இதைப் படிப்பாள், சாரி.

கேள்வி: செலவு, விசா, எந்த மாதம்? சுருக்கமாகச் சொல்லவும்.
– ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைக்கும், 30 நாளுக்கு 5 லட்சம் ருபியா. லட்சம் என்றதும் பதறாதீர்கள், நம் பணத்தில் மூவாயிரத்துக்குள். 2024இலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்குத் தனியாக ஒன்றரை லட்சம் ருபியா வரி, ஆன்லைனிலேயே கட்டிவிடலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை குறைவு. பெரும்பாலும் மார்ச்சில் நியெபி என்று மௌன நாள் வரும், அன்று விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள், தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.

செலவில் நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். ‘இருவர் அறை’ என்று முன்பணம் வாங்கினார்கள், போய்ப் பார்த்தால் மூன்று கட்டில். கேட்டால் விதிமுறையில் ‘பகிர்வு அறை’ என்றுதான் இருக்கிறது என்றார்கள், இருந்தது, படிக்காதது என் தப்பு. ஆகவே அறையில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வகுப்பு, உண்மையில் கற்றுத் தருவது யார், நாம் வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்ப வரும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வகுப்பு நேரம் பற்றி மழுப்பினால் அது ரிட்ரீட் இல்லை, சுற்றுலா.

கேள்வி: தொப்பை குறையுமா?
– ஆறு பேர், வெவ்வேறு ஊர்

ஒரு வாரத்தில் குறையாது. எனக்கு ஒன்றரைக் கிலோ கூடியது, தெம்பே.

கேள்வி: காசு கோத்த இடுப்புத் துணியை விமானத்தில் கைப்பையில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

தடையில்லை, ஆனால் வைக்காதீர்கள். மீனம்பாக்கத்தில் என் பை ஸ்கேனருக்குள் போய் அப்படியே நின்றது, திரும்பி வந்தது, மறுபடி போனது. உள்ளே முந்நூறு சின்ன வட்டத் தகடு ஒரே குவியலாகத் தெரிந்தால் யார்தான் விடுவார்கள்? பாதுகாப்புப் பெண் அதிகாரி வெளியே எடுத்து உதற, ஜல்லென்று சத்தம், வரிசையே திரும்பிப் பார்த்தது. “என்ன மேடம் இது?” என்றார். சொன்னேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “கிளாஸ் எங்கே நடக்குது?” என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் அதைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.