வளரும் நாடுகளில் குழந்தைகளின் உரிமைகளைச் சமூக, பொருளாதார நிலைமைகள் எவ்வாறு பாதிக்கின்றன?

ஐ.நா. பொதுச்சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, சமூக, பொருளாதார உரிமைகளை ஒவ்வோர் அரசும் தன்னிடமுள்ள வளங்களின் உச்ச அளவுக்கு நிறைவேற்ற வேண்டும் என்கிறது. எனவே, வளம் குறைந்த நாட்டில் உரிமையும் சுருங்கிப்போகும் ஆபத்து தொடக்கத்திலேயே இருக்கிறது.

மழை பொய்த்த ஆண்டில், விதைக்காக வாங்கிய கடன் அடைபடாமல் நிற்கும்போது, ஏழைக் குடும்பம் பெரும்பாலும் மூத்த பிள்ளையின் படிப்பைத்தான் நிறுத்துகிறது. அது பெண்ணாக இருந்தால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் தண்ணீர் சுமப்பதும், பல சமூகங்களில் இளவயதுத் திருமணமும் அவளைத் தொடர்கின்றன. 2024-இல் உலகில் சுமார் 13.8 கோடிக் குழந்தைகள் தொழிலாளர்களாக இருந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் மதிப்பிட்டன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேளாண்மையில் இருந்தனர்.

பலரும் கவனிக்கத் தவறுவது பிறப்புப் பதிவு. பதிவு அலுவலகத்துக்குச் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமென்றால், பெற்றோர் அதைத் தள்ளிப்போடுவார்கள். பின்னாளில் தன் வயதை நிரூபிக்க இயலாத சிறுமியைத் திருமண வயதுச் சட்டத்தாலும் எளிதில் காக்க முடிவதில்லை.

இதற்காகப் பெற்றோரைப் பழிப்பது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம், பிள்ளைகள் பள்ளிக்கு வருவதை நிபந்தனையாக்கித் தாய்மாரின் கையில் பணம் கொடுத்தபோது, இடைநிலைப் பள்ளிச் சேர்க்கை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடையே, உயர்ந்தது.